சேர் சி. வி. இராமன் பௌதிகவியல் பயின்ற விதம்

கடந்த தவணையில் ஒரு சனிக்கிழமை காலை, கீழ்ப்பிரிவு வகுப்பிலிருந்த சிறுவன் ஒருவன் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டான். நோபல் பரிசு எமது நோபல் பார்க்கிலேதான் கொடுக்கப்படுகின்றதா என்பதே அக்கேள்வி. வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆயினும் அவன்மீது பிழையில்லை. தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கள்தாம். எமது ஊரின் பெயர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு நிலத்தைத் துண்டுகளாக்கி விற்ற பக்லி என்பவருடைய மகனின் பெயரிலிருந்து வந்தது. பரிசின் பெயரோ சுவீடன் நாட்டு அல்பிரட் நோபலுடையது. இதனை விளக்கிவிட்டு, அப்பரிசைப் பௌதிகவியலுக்காக 1930 ஆம் ஆண்டில் பெற்ற தமிழர் ஒருவர் இருந்தார் என்றும் சொன்னோம்.

தம்பியை வீட்டுக்கு அழைத்துச் செல்வதற்காகப் பின்வரிசையில் காத்திருந்த பன்னிரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அப்போது கேட்ட மற்றொரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். அவர் எப்படிப் படித்தார் என்று அவள் கேட்டாள். தான் சூத்திரங்கள் அனைத்தையும் மனனம் செய்துவிட்டதாகவும், பயிற்சிப் புத்தகங்களைச் செய்து முடித்துவிட்டதாகவும், ஆயினும் முன்பு காணாத ஒரு கணக்கு வந்தால் கை நின்றுவிடுவதாகவும் சொன்னாள். அன்று விடைகூற நேரம் போதவில்லை. ஆண்டு விழா மலரில் எழுதித் தருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம்.

சந்திரசேகர வெங்கட இராமன் 1888 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் திகதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். வயலின் வாசிப்பதில் விருப்புடையவர். எட்டுப் பிள்ளைகளுள் இராமன் இரண்டாமவர். இராமனுக்கு நான்கு வயதாகுமுன் தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளரானார். குடும்பமும் அங்கு சென்றது. பதினொரு வயதில் மெற்றிக்குலேசன் தேறியதையும், பதின்மூன்றில் அடுத்த பரீட்சை தேறியதையும் எல்லா வரலாறுகளும் வியந்து சொல்கின்றன. அந்த வயதுக் கணக்கு எமது பிள்ளைகளுக்குப் பயன்படாது; அதனை இங்கு நீட்டவில்லை. வீட்டில் தந்தையின் புத்தக அலுமாரி பூட்டப்படாமல் இருந்தது என்பதை மட்டும் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம்.

பின்னர் இராமன் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். 1904 இல் பி.ஏ. தேர்வில் முதலிடம் பெற்றுப் பௌதிகத்துக்கான தங்கப் பதக்கமும் பெற்றார். தொடர்ந்து எம்.ஏ. படித்தார். அங்கு பௌதிகப் பேராசிரியராயிருந்த ஜோன்ஸ் என்பவர், திறமையுள்ள மாணவனை அவன் போக்கில் விடுவதே நல்லது என்று எண்ணியவர். இராமன் விரிவுரைகளிலும் பார்க்க ஆய்வுகூடத்திலேயே அதிக நேரம் கழித்தார்.

அங்கு அவருக்குக் கிடைத்த வேலை மிகச் சாதாரணமானது. திருசியமானி என்னும் கருவியில் ஒரு கண்ணாடி அரியத்தை வைத்து, அதன் கோணத்தை அளக்கவேண்டும். இன்றைக்கும் உலகெங்கும் மாணவர்கள் செய்யும் பரிசோதனை அது. அரியத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாக விழும்போது, தெறித்து வரும் ஒளியில் இருளும் ஒளியுமாகச் சில பட்டிகள் தோன்றுவதை இராமன் கண்டார். ஒளி ஒரு விளிம்பைக் கடக்கையில் வளைவதால் இத்தகைய பட்டிகள் தோன்றும் என்பது புத்தகத்தில் உண்டு. ஆனால் புத்தகப் படத்தில் நடுவிலிருந்து இருபுறமும் பட்டிகள் சமமாக இருந்தன. கண்ணுக்குத் தெரிந்த பட்டிகளோ ஒரு புறம் ஒருவிதமாகவும் மறுபுறம் வேறுவிதமாகவும் இருந்தன.

இவ்விடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அதே கருவியில் அதே அளவீட்டைச் செய்த மாணவர் இராமனுக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர். அவர்களுடைய கண்களிலும் அப்பட்டிகள் விழுந்திருக்கும். கேட்கப்பட்டது கோணம், கோணம் கிடைத்தது, கருவியை மூடி வைத்திருப்பார்கள். இராமன் கோணத்தையும் எழுதிக்கொண்டார். கேட்கப்படாத பட்டிகளையும் விடவில்லை. புத்தகங்களைத் தேடினார், அவற்றில் விளக்கம் காணவில்லை. தாமே ஒளியின் சாய்வை மாற்றி மாற்றி அளந்து, கணித்து, கட்டுரையாக எழுதி, இலண்டனில் வெளிவந்த பிலோசோபிக்கல் மகசீன் என்னும் ஆய்விதழுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் அது அச்சாகியது. அவருக்கு அப்போதுதான் பதினெட்டு வயது.

இதனை எழுதும்போது எமக்கு ஒரு வெட்கம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறோம். நாமும் ஒரு காலத்தில் ஈழத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பித்தோம். பாடசாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. ஆய்வுகூடத்தின் மூலையில் கண்ணாடிக் கதவுள்ள அலுமாரி ஒன்றிருந்தது. அதனுள்ளே ஒரேயொரு திருசியமானி. 2006 இல் பாதை பூட்டப்பட்ட பின்னர், உடைந்த பொருளுக்கு மாற்றுப் பொருள் வராது என்ற நிலை. ஆகவே அலுமாரியைப் பூட்டித் திறப்பை நாமே வைத்துக்கொண்டோம். மாணவர் திருசியமானியின் படத்தைக் கரும்பலகையிலிருந்து அழகாகக் கீறினார்கள், பாகங்களைக் குறித்தார்கள், செய்யாத பரிசோதனைக்கு வாசிப்புகளைப் பிரதிசெய்தார்கள். புள்ளிகளும் நன்றாகவே வந்தன. 2008 இல் ஊரோடு சேர்ந்து பாடசாலையும் இடம்பெயர்ந்தது. அலுமாரி பூட்டியபடியே பின்னால் நின்றது. ஒரு பிள்ளையாவது அக்கருவியின் தொலைகாட்டியினூடாகப் பார்த்ததில்லை.

இடம்பெயர்ந்த இடத்தில், புளியமரத்தடியில் தறப்பாளின் கீழ் வகுப்பு வைத்தோம். குறிப்புக் கொப்பிகள் பலரிடம் இல்லை. வேறு வழியின்றி, ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு பென்சிலும் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டும் கொண்டு ஒளியின் தெறிப்பையும் முறிவையும் காட்டினோம். முந்தைய ஆண்டு முழுவதும் கேட்ட கேள்விகளிலும் அதிகமான கேள்விகளை அந்த ஒரு கிழமையில் அப்பிள்ளைகள் கேட்டார்கள். அவற்றுட் பலவற்றுக்கு எமக்கே விடை தெரிந்திருக்கவில்லை. இராமனின் பட்டிகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எமக்கு அந்த அலுமாரியும் அந்தப் புளியமரமும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

இராமன் புத்தகங்களை ஒதுக்கியவர் அல்லர். தம் மனத்தை உருவாக்கிய மூன்று நூல்களைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். புத்தரின் வாழ்வைப் பாடும் எட்வின் ஆர்னோல்டின் ஆசிய ஜோதி ஒன்று. யூக்கிளிட்டின் கேத்திரகணிதம் மற்றொன்று. ஒலியையும் இசையையும் பற்றி ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய நூல் மூன்றாவது. இம்மூன்றில் எதுவும் பரீட்சைக்கான வழிகாட்டி அன்று. ஒரு விடயத்தை முதன்முதலிற் சிந்தித்தவரே எழுதிய நூலைத் தேடிப் பிடித்து, அவர் எப்படி அம்முடிவுக்கு வந்தார் என்று தொடர்ந்து செல்வது இராமனின் வாசிப்பு முறை. சூத்திரம் அவ்வழியின் இறுதியில் நிற்கும் மைல்கல். வழியை நடந்தவனுக்குக் கல்லை மனனம் செய்யவேண்டிய தேவை குறைவு. விக்டோரியா மாநிலத்தின் பன்னிரண்டாம் ஆண்டுப் பௌதிகப் பரீட்சையில் சூத்திரத் தாளை அவர்களே கையில் தருகிறார்கள். அப்படியிருக்க, சூத்திரத்தை உருப்போடுவதில் எமது பிள்ளைகள் இரவுகளைச் செலவிடுவது ஏன் என்று எமக்கு விளங்கவில்லை. எந்த நிலையில் எச்சூத்திரம் பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதுதான் அங்கு கேட்கப்படுகின்றது.

1907 இல் இராமன் எம்.ஏ. பட்டத்தைச் சிறப்புடன் பெற்றார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லலாமென்றால், அங்குள்ள காலநிலையை அவர் உடல் தாங்காது என்று வைத்தியர் தடுத்துவிட்டார். இந்தியாவில் அக்காலத்தில் ஆராய்ச்சி செய்து பிழைக்க வழியில்லை. ஆகவே அரசாங்க நிதித்துறைப் பரீட்சையை எழுதி முதலாவதாகத் தேறினார். அதே ஆண்டு லோகசுந்தரி அம்மாளை மணம்புரிந்து, கல்கத்தாவில் உதவிக் கணக்காளர் நாயகமாகப் பதவியேற்றார். பௌதிகத்துக்கும் அவ்வேலைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. டண்டினோங் தொழிற்சாலைகளில் தம் படிப்புக்குத் தொடர்பற்ற வேலை செய்யும் எம்மவர்கள் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாக வாசிக்கலாம்.

அலுவலகம் செல்லும் வழியில் பௌபசார் வீதியில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணிற் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியர் 1876 இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன, ஆராய்வார் இல்லை. இராமன் உள்ளே சென்று அனுமதி பெற்றார். அன்று தொடங்கியது ஒரு நேரசூசி. காலை ஐந்தரை மணிக்குக் கழகம். பத்து மணியளவில் வீடு திரும்பிக் குளித்து, அவசரமாக உண்டு, அலுவலகம். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேரே மீண்டும் கழகம். இரவு ஒன்பதரை, பத்துக்கு வீடு. ஞாயிறு முழுவதும் கழகத்தில். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்றபோது வீட்டிலேயே ஆய்வைத் தொடர்ந்தார். 1917 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்கும்வரை பத்தாண்டுகள் இவ்வாறு சென்றன. அப்பதவிக்காக அவர் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்தார்.

இந்த நேரசூசியைப் பிள்ளைகளுக்குக் காட்டி, நீயும் காலை ஐந்தரைக்கு எழும்பு என்று பெற்றோர் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சுகிறோம். மணிக்கணக்கு அங்கு முக்கியமன்று. நாள்தோறும் அதே வேளையில், அதே மேசையில், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார் என்பதே முக்கியம். நாள்தோறும் முக்கால் மணிநேரம் பௌதிகத்துக்கு ஒதுக்கும் பிள்ளைக்கு, பரீட்சைக்கு முந்திய மாதத்தில் நள்ளிரவு தாண்டி விழித்திருக்க வேண்டிய தேவை வராது. மேலும், அந்த வீட்டில் அவ்வேளைக்கு உணவைத் தயாராக வைத்திருந்தவர் லோகசுந்தரி அம்மாள். வரலாறுகள் அவருக்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கொடுப்பதில்லை.

இக்காலத்தில் இராமன் ஆராய்ந்தவை பெரும்பாலும் வீட்டில் கிடக்கும் பொருள்கள். தந்தையார் வாசித்த வயலின், வீணை, தம்பூரா, மிருதங்கம். எமது மாணவர் பலர் மிருதங்கம் பயில்கிறார்கள். ஆகவே அதனை மட்டும் சற்று விளக்குகிறோம். சாதாரண மேளத்தின் தோல் அதிரும்போது, அடிப்படைத் தொனியோடு மேற்றொனிகளும் பிறக்கின்றன. அவற்றின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14 என்றவாறு ஒழுங்கற்ற விகிதத்தில் இருப்பதால் காதுக்கு அது வெறும் ஓசையாகவே கேட்கும். சுருதி தெளிவாக இராது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசப்பட்டிருக்கும் கருஞ்சோறு தோலின் நடுப்பகுதிக்குப் பாரத்தைக் கொடுக்கிறது. அதனால் அம்மேற்றொனிகள் 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதத்துக்கு வந்துவிடுகின்றன. தந்தி வாத்தியத்துக்குரிய இனிமை தோலுக்குக் கிடைப்பது இப்படித்தான். இதனை இராமன் 1920 இல் ஒரு மாணவருடன் சேர்ந்து வெளியிட்டார். சோற்றை நூற்றாண்டுகளாகப் பூசி வந்தோர் தம் காதைக் கொண்டே இதனை அறிந்திருந்தனர். இன்று கைத்தொலைபேசியிலேயே ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் செயலிகள் உண்டு. மிருதங்கம் பயிலும் பிள்ளை, அலைகள் பற்றிய பாடத்தை வெறும் புத்தகத்திலிருந்து மட்டும் படித்துவிட்டுப் போவது பெரிய இழப்பு.

1921 இல் இராமன் முதன்முறையாகக் கடல் கடந்தார். இங்கிலாந்திலிருந்து நர்குண்டா என்ற கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. கடலின் நீலம் வானத்தின் நீலம் தெறிப்பதால் வருவதே என்று பெரும் அறிஞரான ரேலிப் பிரபு சொல்லியிருந்தார். இராமனின் சட்டைப்பையில் நிக்கல் அரியம் ஒன்றிருந்தது. முனைவாக்கிய ஒளியைத் தடுக்கவல்லது அது. நீரின் மேற்பரப்பில் ஏறத்தாழ 53 பாகைக் கோணத்தில் தெறிக்கும் ஒளி முற்றாக முனைவாக்கம் அடைந்திருக்கும். அக்கோணத்தில் அரியத்தைத் திருப்பிப் பிடித்தால் தெறிப்பொளி அற்றுப்போகும். வானத்தின் தெறிப்புத்தான் நீலத்துக்குக் காரணமென்றால் நீலமும் போகவேண்டும். போகவில்லை, முன்னிலும் ஆழமாகத் தெரிந்தது. ஆகவே நீலம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்றும், நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச்செய்கின்றன என்றும் அவர் முடிவுசெய்தார். கப்பல் பம்பாயை அடைந்த உடனேயே நேச்சர் இதழுக்குக் குறிப்பை அனுப்பினார். நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் கடலின் நீலத்துக்குப் பெரிய காரணம் என்பது இன்று தெரிந்த செய்தி. ஆகவே இராமனின் விடை முழு விடையன்று. ஆனால் மேற்பரப்பு மட்டும் காரணமன்று என்பதை அவர் கண்ணாலேயே தீர்த்துவிட்டார்.

இப்பரிசோதனையை நாம் இவ்வாண்டு கோடையில் சில பெரிய மாணவர்களுடன் மோர்டியாலொக் கடற்கரையில் செய்து பார்த்தோம். நிக்கல் அரியத்துக்குப் பதிலாக, வாகனமோட்டுவோர் அணியும் முனைவாக்கும் கறுப்புக் கண்ணாடி போதுமானது. அதனைக் கையிற் பிடித்து மெல்லச் சுழற்றினால், நீர்மேலுள்ள பளபளப்பு ஓரிடத்தில் மறைந்து, அடியிலுள்ள மணலும் பாசியும் தெரிகின்றன. சூரியனை மட்டும் நேரே பார்க்கலாகாது. முனைவாக்கம் என்ற சொல்லைப் பல மாதங்களாக எழுதிவந்த பிள்ளை ஒருவன், அன்றுதான் அதனைப் பார்த்ததாகச் சொன்னான்.

கப்பலில் எழுந்த அக்கேள்வியை இராமன் ஏழு ஆண்டுகள் விடவில்லை. நீரிலிருந்து தொடங்கி அறுபதுக்கு மேற்பட்ட திரவங்களில் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்று மாணவர்களுடன் சேர்ந்து சோதித்தார். 1923 இலேயே அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன் சிதறிய ஒளியில் ஏதோ நிறமாற்றம் மங்கலாகத் தெரிவதைக் கண்டிருந்தார். திரவத்திலுள்ள அழுக்கே காரணமென்று எண்ணித் திரும்பத் திரும்பத் தூய்மைப்படுத்தினார்கள். ஒளி போகவில்லை. 1928 தொடக்கத்தில் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவ்வேலையை மீண்டும் எடுத்தார். சூரிய ஒளியை வில்லையால் குவித்து, ஊதா நிறம் மட்டும் புகும் வடியினூடாகத் திரவத்துள் செலுத்தினார்கள். பார்ப்பவரின் கண்ணுக்கு முன்னே ஊதாவை முற்றாகத் தடுக்கும் பச்சை வடி. நிறம் மாறாதிருந்தால் எதுவும் தெரியக்கூடாது. ஆனால் ஒளி தெரிந்தது. பெப்ரவரி 28 ஆம் திகதி பாதரச விளக்கைக் கொண்டு பார்த்தபோது, மூல ஒளியில் இல்லாத புதிய கோடுகள் நிறமாலையில் தெளிவாக நின்றன. சிதறும் ஒளித்துணிக்கைகளில் ஏறத்தாழக் கோடியில் ஒன்று மட்டுமே, மூலக்கூறின் அதிர்வுடன் சக்தியைக் கொடுத்து வாங்கி, நிறம் மாறுகிறது. அந்த நிறமாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு விதம். அதனால் இன்று மருந்துகளையும் மணிக்கற்களையும் இன்னவையென்று அறிய அதனைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்தப் பெப்ரவரி மாதத்தில் நடந்தவற்றைக் கிருஷ்ணன் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். எந்நாளில் எத்திரவம், யார் பார்த்தார், என்ன தெரிந்தது என்பதெல்லாம் எமக்கு இன்று தெரிவது அதனாலேதான். இங்கு உயர்வகுப்பில் செய்முறை ஆய்வுக்குப் பதிவேடு வைக்கவேண்டும் என்பது விதி. எமது பிள்ளைகளிற் சிலர் அதனை ஒப்படைக்கும் நாளுக்கு முந்திய இரவில், ஒரே பேனாவால், ஒரே மூச்சில் எழுதுவதை நாம் அறிவோம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதுவித்தோம் என்பதால் உடனே அடையாளம் தெரிகிறது. பிழைத்த அளவீட்டையும் அன்றைக்கே எழுதி, வெட்டாமல் விட்ட பதிவேடுதான் பின்பு உதவும். அழுக்கு என்று தள்ளிவிட்ட 1923 ஆம் ஆண்டு மங்கலொளிதான் 1930 இல் பரிசாக வந்தது. விஞ்ஞானத்துக்காக நோபல் பரிசு பெற்ற முதலாவது ஆசியர் இராமன்.

அவரிடம் குறைகளும் இருந்தன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதலாவது இந்தியப் பணிப்பாளராக 1933 இல் சென்றபோது, கமலா பாக்வத் என்ற மாணவியைப் பெண் என்ற காரணத்தாலேயே சேர்க்க மறுத்தார். அப்பெண் விடவில்லை. ஓராண்டுச் சோதனைக்கால நிபந்தனையுடன் உள்ளே வந்து சிறப்பாகத் தேறினார். பின்னர் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். கமலா சோஹோனி என்ற பெயரில் உயிர்இரசாயனவியலில் அறியப்பட்டவர் அவரே. 1940 களில் அன்னா மணி என்ற பெண் இராமனின் ஆய்வுகூடத்திலேயே வைரங்களை ஆராய்ந்தார். அதற்குள் இராமன் ஓரளவு மாறியிருந்தார் என்று கொள்ளலாம். பளிங்குகளின் அதிர்வைப் பற்றி மாக்ஸ் போர்னுடன் நீண்டகாலம் வாதிட்டார். அதில் பிழை இராமன் பக்கமே இருந்தது. அதை அவர் ஏற்கவில்லை. பெரியவர்களின் பிழைகளைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பது பௌதிகம் கற்பிக்கும் முறையன்று என்பதால் இவற்றையும் எழுதினோம்.

பிள்ளைகள் இங்கே பௌதிகத்தை ஆங்கிலத்திற் படிக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டின்போது, எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன், இன்று படித்ததைத் தமிழில் அம்மம்மாவுக்கு விளக்கும்படி பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம். எங்கே சொல் தடுமாறுகிறதோ அங்கேதான் விளக்கம் குறைவாக இருக்கும். மொழி தெரியாததால் தடுமாறுகிறதா, பாடம் தெரியாததால் தடுமாறுகிறதா என்பது இரண்டு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். முதலாவதற்கு எமது பாடசாலை இருக்கிறது. கேள்வி கேட்ட அந்த மாணவியும் இப்போது வகுப்பு முடிந்தபின் அரைமணிநேரம் நின்று, எமக்குத் தமிழில் மின்காந்தத் தூண்டலைக் கற்பித்துக்கொண்டிருக்கிறாள். கைநிற்றல் முற்றாகத் தீரவில்லை. ஆனால் எவ்விடத்தில் நிற்கிறது என்பதை இப்போது அவளால் சொல்ல முடிகிறது.

இராமன் 1948 இல் பெங்களூரில் தம் பெயரால் ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்து, இறுதிவரை அங்கேயே ஆராய்ந்தார். 1954 இல் பாரத ரத்னா விருது வந்தது. ஆண்டுதோறும் காந்தியடிகளின் பிறந்த நாளில் அங்கு விரிவுரை ஆற்றுவது அவர் வழக்கம். 1970 ஒக்டோபர் 2 ஆம் திகதி, எண்பத்தொரு வயதில், இறுதி விரிவுரையை ஆற்றினார். மனிதக் காது எவ்வாறு ஒலியைக் கேட்கிறது என்பதே பொருள். மாணவப் பருவத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் நூலில் வாசித்த அதே விடயம். அவ்வாண்டு நவம்பர் 21 ஆம் திகதி காலமானார். அவருடைய உடலை அந்நிறுவனத்தின் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள். அவ்விடத்தில் நினைவுத்தூண் எதுவும் இல்லை. ஒரு மரம் நிற்கிறது.